ஏழாம் கேள்விக்கு ஒரு விடை கூடுதல்

வகுப்பில் இருப்பது முப்பது பிள்ளைகள். ஏழாம் கேள்விக்கு வந்திருந்ததோ முப்பத்தொரு விடைகள்.

கணக்கு டீச்சர் கணினியில் தேர்வு அறிக்கையை மூடித் திறந்து பார்த்தாள். மாறவில்லை. பள்ளி விட்டு, பிள்ளைகளின் இரைச்சல் அடங்கி, மழை மட்டும் கணினி அறையின் தகரக் கூரையை விடாமல் தட்டிக்கொண்டிருந்த சாயங்காலம். புது வெள்ளையடிப்பின் வாடைக்கு அடியிலிருந்து கருகிய வயரின் நெடி மெல்லக் கசிந்து வந்து அவள் தொண்டையில் உட்கார்ந்துகொண்டது.

ஆன்லைன் தேர்வுக்குத் தவறான விடைகளை அவள் வாய்க்கு வந்தபடி போடுகிறவள் அல்ல. பிள்ளைகள் நிஜமாகவே செய்யும் தப்புகளைத்தான் வைப்பாள். யார் எதைத் தொட்டார்கள் என்று அறிக்கையைப் பார்த்தால் யாருக்கு எங்கே உதைக்கிறது என்று புரிந்துவிடும். ஏழாம் கேள்வியில், ஐம்பத்திரண்டில் இருபத்தேழு போனால் முப்பத்தைந்து என்பது, சுண்டெலி என்று அவள் செல்லமாகக் கூப்பிடும் பிள்ளையின் தப்பு. இரண்டில் ஏழு போகாதே, அதனால் ஏழில் இரண்டைக் கழித்துவிடும் அந்தப் பொடிசு. வகுப்பில் வேறு யாரும் அப்படிச் செய்ததில்லை. போன மாதம் இதே அறையில், மூன்றாம் வரிசையில், சுண்டெலி மின்சாரம் தாக்கிச் செத்துப்போனாள். 'பள்ளியை விட்டு விலகினாள்' என்று எழுதி, கருகிய சுவருக்கு வெள்ளையடித்து, நிர்வாகம் கையைக் கழுவிக்கொண்டது.

அறிக்கையின் கடைசி வரியில் சுண்டெலியின் பெயர் இருந்தது. விடை முப்பத்தைந்து. பக்கத்தில், எடுத்துக்கொண்ட நேரம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

கைபேசி அடித்தது. தலைமை ஆசிரியர்.

"டீச்சர், அறிக்கையை நானும் இங்கேருந்து பார்த்தேன். கடைசி வரியை அழிச்சிட்டு அனுப்புங்க. நாளைக்கு அதிகாரிங்க வர்றாங்க. அந்தப் பேரைப் பார்த்தா நோண்டுவாங்க."

"நோண்டட்டும் சார்."

"உங்களுக்கு முன்னாடி இருந்தவங்க யாரும் இப்படி அடம் பிடிச்சதில்லை."

"செத்தாலும் அவ என் பிள்ளைதான். அழிக்க மாட்டேன். உங்களால ஆனதைப் பாத்துக்கோங்க."

வைத்துவிட்டாள். கோபத்தில் காது சுட்டது. வேலை போகும். போகட்டும்.

மின்விசிறி நின்றது. மூன்றாம் வரிசையில் மவுஸ் சொடுக்கும் சத்தம். நின்றது. மறுபடியும்.

வாசல் நாலு எட்டில்தான் இருந்தது. அவள் ஓடவில்லை. சுண்டெலியின் பெயருக்கு நேரே 'வந்திருக்கிறாள்' என்று பதிந்தாள். அறிக்கையை நேராக அதிகாரிகளுக்கே அனுப்பினாள். பிறகு நிமிர்ந்தாள்.

நாற்காலி காலி. அதற்கு மேலே, சந்தேகம் கேட்கத் தூக்கிய ஒரு சின்னக் கை. கை மட்டும். விரல் நுனிகள் கரிந்திருந்தன.

அந்தக் கையைப் பார்த்தே பேசினாள்.

"கேளு பாப்பா. டீச்சர் எங்கயும் போகல."

கை இறங்கவில்லை. பக்கத்து நாற்காலிக்கு மேலே இன்னொன்று எழுந்தது. பின்வரிசையில் ஒன்று. சன்னலோரம் இரண்டு.

அவளுக்குத் தெரிந்து இந்தப் பள்ளியில் செத்தது ஒரே ஒரு குழந்தை.

அறை நிறையக் கைகள். ஒன்றுகூட ஆடவில்லை. வாசலோரம் இருந்தது மட்டும் மெல்ல எட்டி, உள்பக்கத் தாழ்ப்பாளைப் போட்டது.