அறுபதில் ஒரு நடுக்கம்!

காலை ஆறரை. போன் அலறியது!

பல்லுத் தீட்டிக்கொண்டிருந்த வாகீசன் ஓடிவந்து எடுத்தான். மறுமுனையில் கராஜில் அவனுக்குக் கைகொடுக்கும் தம்பி தர்சன். மூச்சு வாங்கியது.

"அண்ணை... சயந்தன் அண்ணையின்ர ஜீப் தாம்போதியால கடலுக்க பாஞ்சிட்டுதாம்!"

"ஐயோ! சயந்தனுக்கு?"

"அவருக்குக் கீறலும் இல்லை. ஆனா சைக்கிள்ல வந்த எங்கட ஊர் குருசுமுத்தரை அடிச்சுப் போட்டுதாம். ஆள் முடிஞ்சுது!"

வாகீசனின் கையிலிருந்த பிறஷ் கீழே விழுந்தது.

"அண்ணை... ஓடேக்க சாஃப்ட் கழண்டதாலதானாம். பொலிஸ் உங்களைத்தான் கேக்குது. நான் என்ர வீட்டில நிக்கிறன். நேர வந்து உங்களை ஏத்திறன்."

சாஃப்ட் கழண்டதா?

அதை இறுக்கியவனே வாகீசன்தான்!

சயந்தன் பள்ளிக்கூடத்தில் அவனோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன். கனடாவிலிருந்து திரும்பி, ஜீப்பை நாலு இஞ்சி உயர்த்தி, சுற்றுலாக்காரரை ஏற்றி ஓடுகிறவன். உயர்த்திய நாளிலிருந்து வேகம் அறுபதைத் தொட்டால் ஜீப் நடுங்கும். சீற்றில் இருக்க ஏலாது.

புளியங்கூடலில் உள்ள தன் கராஜில் வாகீசன் மூன்று நாள் மினக்கெட்டான். சில்லுகளை மாற்றிப் பார்த்தான். நடுக்கம் நின்றபாடில்லை. அறுபதில் ஓடும்போதே நியூட்ரலுக்குத் தட்டினான். அப்போதும் நடுங்கியது. அப்படியானால் எஞ்சின் இல்லை... கியர்பெட்டியிலிருந்து பின்சில்லுக்குப் போகும் சாஃப்ட்!

ஜீப் உயர்ந்ததால் சாஃப்டின் சரிவு கூடிவிட்டது. பாரம் தாங்கும் வில்லுத் தகட்டுக்கு ஆப்பு வைத்துச் சரிவைத் திருத்தினான். நட்டுகளை இறுக்கி, அசைந்தால் தெரிவதற்காக ஒவ்வொன்றுக்கும் குறுக்கே மஞ்சள் பெயின்ட்டில் கோடு போட்டான். எண்பதில் தானே ஓடிப் பார்த்தான். ஒரு நடுக்கமும் இல்லை.

இரண்டு கிழமை ஆகவில்லை. அதற்குள் ஒரு பிணம்!

தர்சனின் மோட்டச்சைக்கிளில் போய் இறங்கியபோது, கடலுக்கு நடுவே போகும் தாம்போதிப் பாதையில் சனம் கூடியிருந்தது. கடலுக்குள் மூக்கைக் குத்தி நின்ற ஜீப்பை, தொங்கிய சாஃப்டைக் கயிற்றால் கட்டிவிட்டு, உழவு மெசினால் இழுத்து ரோட்டில் ஏற்றியிருந்தார்கள்.

பக்கத்தில் வெள்ளைத் துணி. துணிக்கு வெளியே இரண்டு பாதங்கள்.

அதன் அருகே குந்தியிருந்த குருசுமுத்தரின் மனைவி அல்போன்சம்மா நிமிர்ந்தாள்.

"தம்பி... நீர்தானே உந்த ஜீப்பைத் திருத்தினது?"

வாகீசன் அந்தப் பாதங்களைப் பார்த்தபடி தலையாட்டினான்.

"மச்சான்!" சயந்தன் பாய்ந்து வந்தான். "உன்னை நம்பித்தானேடா ஏறினனான்! அறுபதில வரேக்க திரும்பவும் நடுங்கினது. சாஃப்டின்ர முன்பக்கம் கழண்டு ரோட்டில குத்தி, ஜீப்பைத் தூக்கி எறிஞ்சுது. அந்த மனுசனைச் சாகடிச்சது நான் இல்லையடா... நீ!"

இன்ஸ்பெக்டர் சிவகுரு விலங்கோடு வந்தார்.

"கவனயீனத்தால மரணம். கையை நீட்டும்."

க்ளிக்!

மறந்துவிட்டேனா? ஒரு நட்டை இறுக்காமல் விட்டேனா? கண் கலங்கியது.

"ஐயா... ஒருக்கா கீழ போய்ப் பாக்க விடுங்கோ. என்ர பிழையெண்டா என்ர கண்ணால பாக்கவேணும்."

சிவகுரு ஒரு கையை மட்டும் அவிழ்த்துவிட்டார்.

வாகீசன் மல்லாந்து ஜீப்பின் கீழே நுழைந்தான். ஒரு நிமிடம்... இரண்டு நிமிடம்...

"ஐயா! இது நடுங்கிக் கழண்டதில்லை!"

"என்ன கதை இது?"

"தானாக் கழண்டா போல்ட் ஆடி ஆடி ஓட்டையைப் பெருப்பிச்சிருக்கும். ஓட்டை வட்டமாக் கிடக்கு! போல்ட்டின்ர புரியும் தேயேல்லை. சாஃப்டின்ர முனையில ஒரு கீறல் இல்லை. அறுபதில ஓடேக்க கழண்டா அது ரோட்டை உழுதிருக்கும். தாரில எங்கயாவது கோடு இருக்கோ, பாருங்கோ!"

சிவகுரு தாம்போதியில் நூறு யார் தூரம் நடந்து பார்த்துவிட்டு வந்தார். தார் வழவழவென்று கிடந்தது.

"சயந்தன்... ரோட்டில குத்தினது எண்டீர். எங்க குத்தினது?"

சயந்தனின் முகத்தில் வியர்வை.

"ஐயா... அந்த நேரம் எனக்கு என்ன விளங்கும்? எனக்கு ஸ்பனர் பிடிக்கவும் தெரியாது. நான் எப்பிடிக் கழட்டிறது?"

அது உண்மை. வாகீசனுக்கே தெரியும்.

"பொறுங்கோ, பின்பக்க நட்டில மஞ்சள் கோடு விலகவே இல்லை, அதையும் கழட்டிக் காட்டிறன்," என்றபடி அவன் மறுபடி உள்ளே நகர்ந்தான். எட்டு வருடப் பழக்கம்... பார்க்காமலே கையை வெளியே நீட்டினான்.

"தர்சன்! வளைச்ச பதினாலு!"

சட்டென்று ஸ்பனர் உள்ளங்கையில் வந்து விழுந்தது.

வாகீசன் அதைத் திருகப் போனான்.

அப்படியே உறைந்தான்!

அந்த ஜீப்பின் சாஃப்டில் மேல்நட்டுகளுக்கு வேறு எந்த ஸ்பனரும் போகாது. அதற்காகவே அவன் நெருப்பில் சூடாக்கி வளைத்த பதினாலாம் நம்பர் ஸ்பனர் அது. உலகத்திலேயே ஒன்றுதான். நேற்றுப் பின்னேரம் கராஜைப் பூட்டும்போது அவனே ஆணியில் கொழுவியது!

மெல்ல வெளியே வந்தான்.

"தர்சன்... இது எங்கால வந்தது?"

"நீங்கதானே அண்ணை கேட்டனீங்கள்... மோட்டச்சைக்கிள் பெட்டிக்க..."

சொல்லி முடிக்கும் முன்பே தர்சனின் முகம் வெளிறியது.

"வீட்டில இருந்து நேர வாறன் எண்டனி. கராஜ் திறக்கேல்லையே நீ?"

"அண்ணை..."

"சொல்லடா!"

"வாயை மூடு தர்சன்!" சயந்தன் கத்தினான்.

அந்தக் கத்தலே போதுமாக இருந்தது! இரண்டு பொலிஸ்காரர் அவன் தோளில் கை வைத்தார்கள்.

தர்சன் ரோட்டில் குந்திவிட்டான்.

"சயந்தன் அண்ணைதான் போனைப் பாத்துக்கொண்டு வந்து அடிச்சவர். உடன எனக்குத்தான் எடுத்தவர். சாஃப்டைக் கழட்டினா உங்கட வேலைப் பிழையாப் போகுமாம். என்னைக் கனடாவுக்கு எடுப்பிக்கிறன் எண்டார். எட்டு வருசமா நானும் எண்ணெய்க்க கிடக்கிறன்... கராஜ் போர்ட்டில உங்கட பேர் மட்டுந்தானே!"

"பேரோ? கேட்டிருந்தா நானே எழுதியிருப்பனேடா!"

தம்பி தலை குனிந்தான். வாகீசனுக்கு வேறொன்று உறைத்தது.

"நீ வரேக்க... குருசுமுத்தர்?"

தர்சன் வெள்ளைத் துணியைப் பார்த்தான்.

"தர்சன்!"

"மூச்சு... இருந்தது அண்ணை."

அல்போன்சம்மாவின் அலறல் கடலைக் கிழித்தது!

"நட்டுக் கழட்டின நேரத்துக்கு ஆஸ்பத்திரியில சேத்திருக்கலாமேடா பாவி!" வாகீசனின் குரல் உடைந்தது. கூடப் பிறந்தவன்... கூடப் படித்தவன்... எவனைப் பார்ப்பது? அவன் இருவரையும் பார்க்கவில்லை. அல்போன்சம்மாவின் பக்கத்தில் போய் நிலத்தில் இருந்தான். அவள் அவன் கையைத் தட்டிவிடவில்லை.

சற்று நேரத்தில் அவன் விலங்கு தர்சனின் கைக்கு மாறியது. சயந்தனையும் தர்சனையும் பொலிஸ் ஜீப்பின் பின்சீற்றில் ஏற்றினார்கள்.

வாக்குமூலம் கொடுக்க வாகீசன் முன்னால் ஏறினான். வண்டி கிளம்பியது.

கொஞ்சத் தூரம் போனதும் சிவகுரு முகத்தைச் சுளித்தார்.

"என்ன இது, எங்கட ஜீப்பும் நடுங்குது! ஒருக்கா என்னெண்டு பாரும்."

வாகீசன் திரும்பிப் பார்க்கவே இல்லை.

"ஜீப்பில ஒரு பிழையும் இல்லை ஐயா... பின்னால இருந்து நடுங்கிற ரெண்டையும் இறக்கிவிட்டா நிண்டிடும்!"