காய் அறைத் தாழ்ப்பாள்

மாதக்கணக்கில் ஒரு காய்கூட இல்லாத வீட்டில் ஏலக்காய் வாசம் அடித்தது. அதுவும் அந்தி நேரத்து மஃரிபு பாங்கு சொல்லி முடித்த கையோடு. ரம்லத்துக்குப் பயத்தைவிட எரிச்சல்தான் முதலில் வந்தது.

எரிச்சலுக்கா பஞ்சம்? ஏலக்காய் வியாபாரத்துக்காக வீட்டை அடமானம் வைத்த அவள் கணவர் சேக் பரீத், பேங்க்காரர்கள் முதன்முதலாகக் கோம்பையிலுள்ள வீட்டு வாசலில் வந்து நின்ற அன்றைக்கே காணாமல் போய்விட்டார். கம்பமெட்டு தாண்டிக் கேரளாவுக்கு ஓடிவிட்டார் என்றது ஊர். அன்று இரவே கோபத்தில் வீட்டைப் பூட்டிக்கொண்டு உத்தமபாளையம் தாய்வீட்டுக்குப் போனவள், பல மாதம் கழித்து, நோன்புப் பெருநாள் முடிந்துதான் திரும்பினாள். இப்போது வீடு ஏலத்துக்கு வரப்போகிறது.

"அக்கா, மேனேஜரைப் பாத்தேன்," என்றான் தம்பி ரியாசுதீன், போனில். "ஒரே தவணையா பேசித் தீத்துக்கலாமாம். இல்ல, ஏலத்துக்கு முந்தி நாமளே நல்ல வெலைக்கு வித்துக் கட்டலாமாம். அதுவும் ஆகலேன்னா மதுரைக் கடன் கோர்ட்டுல நாம கேசு போடலாம்னு சொன்னாக. எதுக்கும் மச்சான் கையெழுத்து வேணுமாம்."

"அந்த மனுசன் எங்கன கெடக்காகளோ, எனக்கென்ன தெரியும்!" என்று கத்தினாள்.

"நாளைக்கு வீட்டை அளக்க வர்றாக. எல்லா ரூமையும் தெறந்து வையிக்கா."

போனை வைத்தாள். உள்ளே எங்கோ டொக் என்றது. எலியைத் திட்டிக்கொண்டே, பழஞ்சாக்கு நெடியும் சுவர் ஈரமும் கலந்த பின்கட்டு இருட்டில், அடிக்கு அடி கனத்துக்கொண்டே வந்த வாசத்தின் பின்னால் நடந்து காய் அறை முன்னால் போய் நின்றாள்.

காற்றுப் பட்டால் காயின் பச்சை வெளுத்துவிடும் என்று சுவரெல்லாம் கறுப்புப் பாலிதீன் ஒட்டி, கதவு விளிம்பில் ரப்பர் அடித்து, சேக் பரீத் பார்த்துப் பார்த்துக் கட்டிய அறை. உள்ளிருந்து வாசமோ சத்தமோ கசியாது. தாழ்ப்பாள் வெளியே மட்டும்தான். அந்தக் கதவு திறந்து கிடந்தால் ரம்லத்துக்குக் கை சும்மா இருக்காது. உள்ளே காய் இருக்கிறதோ இல்லையோ, சாத்திவிடுவாள்.

கடைசியாக எப்போது சாத்தினாள்?

பேங்க்காரர்கள் வந்த அன்று. கதவு ஒருக்களித்துக் கிடந்தது. போகிற போக்கில் தள்ளித் தாழ் போட்டாள்.

அவர் ஓடவில்லை. உள்ளே ஒளிந்திருந்திருக்கிறார்.

டொக்.

யா அல்லா.

தாழ்ப்பாளை இழுத்தாள். கதவின் உட்புறம் பாலிதீன் நார்நாராகக் கிழிந்து தொங்கியது. பலகை முழுக்க நகக்கீறல். கீழே, முழங்காலை மடக்கி, வற்றிக் கறுத்து அவர் உட்கார்ந்திருந்தார். தட்ட ஓங்கிய கை அப்படியே நின்றது.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கதவில்லாத வெறும் காற்றில் அந்தக் கை தட்டியது.

டொக்.