பத்தொன்பது வருடத் துரு

காலை 10.10. தார்ப்பாய் விலகியது; பிணம் வெளிப்பட்டது.

இரண்டே இருக்கை உள்ள கார், கூரை கிடையாது. ஒருகாலத்தில் சிவப்பு, இப்போது உறைந்த ரத்தத்தின் நிறம். டயர்கள் தரையோடு ஒட்டிக் கிடந்தன. முகப்பு விளக்கு ஒன்று நொறுங்கியிருந்தது. மிச்சமிருந்த ஒற்றைக் கண், வந்தவர்களில் யாரையோ தேடுவதுபோல் விழித்தது.

பழைய பந்தயக் கார்களுக்கு விலை சொல்வது மதிப்பீட்டாளரின் தொழில். ஐந்தடி உயரம், அதோடு போட்டி போடும் இடுப்பு.

"பத்தொன்பது வருஷம் முன்னால, விபத்தானதும் கிரேன்ல தூக்கிட்டு வந்து இறக்கினாங்க. அன்னிக்கே நான் பூட்டிட்டேன். சாவி என்கிட்டயேதான்," என்றாள் வீட்டுக்காரி, கொட்டகைக்கு வெளியே நின்றபடி.

"இதுக்கு எதுக்கு சார் மதிப்பீடு? சாயங்காலம் பழைய இரும்புக்காரன் வர்றான்," என்றான் அவள் கொழுந்தன், நுனிக்காலில் எக்கி விளக்கைப் போட்டுக்கொண்டே.

"அவன் எடை பார்ப்பான் தம்பி. அப்படிப் பார்த்தா வண்டியைவிட எனக்குத்தான் நல்ல விலை வரும்."

யாரும் சிரிக்கவில்லை. மதிப்பீட்டாளருக்கு அது பழக்கம்தான்.

10.40. உடம்பெல்லாம் துரு. அடிச்சட்டம் நேராக இருந்தது. இன்ஜின் எண் மாறவில்லை. எழுதிக்கொண்டே கேட்டார்.

"விபத்தப்போ யார் ஓட்டினது?"

"என் வீட்டுக்காரர்."

"கூட?"

"நான்," என்றான் கொழுந்தன். "வளைவுல மரம். ரெண்டு பேரையும் வெளியில வீசிடுச்சு. அண்ணன் அங்கேயே..."

"பார்த்தவங்க?"

"யாருமில்ல."

வீட்டுக்காரியின் குரல் தாழ்ந்தது. "அன்னிக்குக் காலையில சண்டை சார். எங்கயாவது போய்த் தொலைங்கன்னு சொன்னேன். எதைச் சொன்னாலும் கேக்காத மனுஷன், அதை மட்டும் கேட்டார். அந்தக் கோபத்துலதான் மிதிச்சிருப்பார். ராத்திரி கண்ணை மூடினா கொட்டகைக்குள்ள வண்டி உறுமுது. இது போனாலாவது தூங்குவேனான்னு பாக்கறேன்."

11.05. மதிப்பீட்டாளர் ஓட்டுநர் இருக்கையில் இறங்கி உட்கார்ந்தார். இந்த மாதிரி வண்டிகளில் அவர் கால் பெடலை எட்டியதே இல்லை. முதுகுக்குப் பின்னால் வைக்கத் தலையணையோடு போகிற மனிதர்.

இன்று கால் எட்டியது. சௌகரியமாக எட்டியது.

தனக்காகவே யாரோ இடம் பிடித்து வைத்திருந்ததுபோல் இருந்தது. இருக்கையைப் பின்னால் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. இறங்கி, டார்ச்சோடு தரையில் படுத்தார். எழுந்திருக்க இரண்டு முயற்சி தேவைப்பட்டது.

"உங்க வீட்டுக்காரர் என்ன உயரம்மா?"

"ஆறடிக்கு மேல. எல்லாரும் ஒட்டடைக்குச்சின்னுதான் கூப்பிடுவாங்க."

"தம்பி, நீங்க கொஞ்சம் வந்து உட்காருங்க."

"நான் எதுக்கு சார்?"

"நீங்களும் என் உயரம்தான். உங்களுக்கு அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கும்."

கொழுந்தன் நகரவில்லை. "மோதினதுல சீட்டு முன்னால வந்திருக்கும்," என்றான்.

"அப்படி வந்திருந்தா சீட்டைப் பிடிக்கிற கொக்கி பள்ளத்துல பூட்டியிருக்காது. யாரோ முன்னால இழுத்துப் பூட்டிட்டுத்தான் ஓட்டியிருக்காங்க. அதுக்கப்புறம் யாரும் தொடல. கொக்கியும் சீட்டு நகர்ற தண்டவாளமும் துருவேறி ஒரே கட்டி, ஒரு கீறல் இல்ல. ஆறடி ஆள் இதுல உட்கார்ந்தா முழங்கால் தாடையில இடிக்கும். ஓட்டினது உங்க அண்ணன் இல்ல. நீங்க."



"லைசென்ஸ் இல்ல அண்ணி," என்றான் கொழுந்தன் கடைசியில். "பயந்துட்டேன். அப்புறம் தினமும் சொல்லணும்னு வருவேன். நீங்க சாப்பாடு போடுவீங்க. சாப்பிட்டுட்டுப் போயிடுவேன். இப்பவே ஸ்டேஷனுக்கு வர்றேன்."

மதிப்பீட்டாளர் குறிப்பேட்டை மூடினார். அவள் கத்துவாள், அடிப்பாள் என்று பயந்து, குறுக்கே விழத் தயாராக நின்றார். அந்த உருவத்துக்கு அது ஒன்று சுலபம்.

அவள் உள்ளே வந்தாள்.

"கோபமா இருந்தாரா?"

"இல்ல அண்ணி. வண்டியை எங்கிட்ட குடுத்துட்டுப் பக்கத்துல கால் நீட்டிக்கிட்டு, வழியெல்லாம் சிரிச்சுக்கிட்டே வந்தார். நானும் சிரிச்சு அவர் பக்கம் திரும்பினேன். வளைவைப் பார்க்கல."

"என்ன சொல்லிச் சிரிச்சார்?"

கொழுந்தன் தரையைப் பார்த்தான். "'உன் அண்ணிக்குக் கோபம் வந்தா மூக்கு மட்டும் சிவக்கும்டா. அதைப் பார்க்கத்தான் பாதிச் சண்டையே'ன்னார்."

அவள் மெதுவாகக் கையைத் தூக்கி, தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.