பக்கத்து சீட்

உறை போட்ட காருக்குள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நேற்று தன் கையாலேயே அணைத்து, கதவைப் பூட்டி, கைப்பிடியை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் அவன் மேலே போயிருந்தான்.

காலை பத்து மணி. ஆனால் அந்த அடுக்குமாடியின் கீழ்த்தளத்துக்குப் பகல் வருவதில்லை. தண்ணீர்க் குழாய்களின் ஓயாத முனகலும், ஈர சிமென்ட்டும் பழைய எண்ணெயும் கலந்த வாடையும், தூணுக்குத் தூண் நீண்டு படுத்திருக்கும் நிழலும் எந்நேரமும் அங்கே ஒரே மாதிரிதான் இருக்கும். உறையை உருவினான். உட்கார்ந்து சாவியைத் திருப்பினான். 'டிக்' என்றது. அவ்வளவுதான்.

மூன்றாவது ஞாயிறாக இதே கதை. சனிக்கிழமை பேட்டரியை சார்ஜ் ஏற்றுவான். ஞாயிறு காலை அது செத்துக் கிடக்கும்.

அக்காவைக் கூப்பிட்டான்.

“மறுபடியுமா?” என்றாள் அக்கா. “போன வாரம் பாப்பா பையை மாட்டிக்கிட்டு சாயங்காலம் வரைக்கும் வாசல்லயே உக்காந்திருந்தா. இந்த வாரம் அப்பா வர்றான்னு சொன்னேன். சரின்னா, அவ்வளவுதான். இன்னைக்கும் வரலைன்னா அப்புறம் அவ உன்னைத் தேடவே மாட்டாடா.”

“டாக்சில வரட்டுமா?”

“நம்ம வண்டிலதான் வருவாளாம். பிடிவாதம் அப்படியே உன்னை மாதிரி.”

மகளுக்கு நாலு வயது. அவள் அம்மா போய் எட்டு மாதம். அன்றிலிருந்து அத்தை வீட்டில் இருக்கிறாள்.

மெக்கானிக் மீட்டரோடு வந்தார். காரையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ரெண்டு பேருமே சோறு தண்ணி இல்லாத மாதிரி இருக்கீங்க தம்பி.”

“பேட்டரி புதுசுண்ணே.”

“அப்போ எவனோ ராத்திரி பூரா கரண்ட்டைக் குடிக்கிறான். ஆளைப் பிடிச்சிடலாம்.”

கதவுகளை மூடிவிட்டு மீட்டரை மாட்டினார். எண் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. நெற்றியைச் சுருக்கினார்.

“யாரோ கதவைத் திறந்து திறந்து மூடற மாதிரி காட்டுதே.”

நாலு கதவும் மூடித்தான் இருந்தன. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். ஏழாவதில் எண் பூஜ்ஜியத்தில் நின்றது.

“உள்விளக்கு. இதான் திருடன்.” குட்டி ஃபியூஸை அவன் உள்ளங்கையில் வைத்தார். “இது இல்லாம விளக்கு எரியாது. பத்திரமா வச்சுக்கோங்க.”

தன் வண்டியிலிருந்து கேபிள் இழுத்துக் கொடுத்தார். எஞ்சின் முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது. கூடவே ஒரு மணி. டிங். டிங். டிங்.

“முன் சீட்ல பை எதுவும் வச்சிருக்கீங்களா? ஆள் உக்காந்து பெல்ட் போடலைன்னா கத்தும்.”

சீட் காலியாக இருந்தது.

“சென்சார் போயிருக்கும். அதை அப்புறம் பாத்துக்கலாம். பாப்பாவைக் கூட்டிட்டு வாங்க. வீடு வர்ற வரைக்கும் எஞ்சினை அணைச்சிடாதீங்க.”

அவர் வண்டி சரிவில் ஏறிப் போனது. சத்தம் தேய்ந்தது. குழாய்களின் முனகல். மணி.

எட்டு மாதத்துக்கு முன் அந்த விடியற்காலையும் விளக்குதான். முந்தின இரவு சீட்டுக்கடியில் மகளின் செருப்பைத் தேடிவிட்டு அவன்தான் அணைக்க மறந்திருந்தான். மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்த மனைவியைத் தூக்கி வந்து இந்தச் சீட்டில் உட்கார வைத்தான். டிக். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கலாம். இதோ ஆயிடும், இதோ ஆயிடும் என்று நாற்பது நிமிடம் சாவியைத் திருப்பிக்கொண்டிருந்தான். அவளும் திட்டவில்லை. “இன்னொரு வாட்டி போட்டுப் பாருங்க” என்று மட்டும் சொன்னாள். கடைசியாகச் சொன்னதும் அதுதான்.

போனைத் தாங்கியில் மாட்டினான். கியரில் கை வைத்தான்.

விளக்கு எரிந்தது.

வலது கையைத் திறந்து பார்த்தான். ஃபியூஸ் இருந்தது.

மஞ்சள் வெளிச்சம். மருந்து வாடை. வியர்த்த தலைமுடியின் வாடை.

டிங். டிங்.

பக்கத்தில் ஏதோ சரசரவென்று இழுபட்டது. அவன் திரும்பவில்லை.

க்ளிக்.

மணி நின்றது.

விளக்கு அணைந்தது.

எஞ்சின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு குறை இல்லை. எட்டு மாதமாக அப்படி ஓடியதில்லை.

திரும்பினான்.

காலி சீட். குறுக்கே பெல்ட், பூட்டியபடி. சீட்டோடு ஒட்டவில்லை. ஒரு சாண் தள்ளி, வெறும் காற்றில் வளைந்து நின்றது. விம்மியது. தாழ்ந்தது. விம்மியது. குட்டிக் குட்டியாக, அவசரமாக.

அந்த மூச்சு அவனுக்குத் தெரியும். நாற்பது நிமிடம் கேட்டிருக்கிறான்.

பெல்ட்டின் பூட்டை அழுத்தினான். விடவில்லை. சூடாக இருந்தது.

போன் அடித்தது. அக்கா. அவன் தொடவில்லை. தானாகவே எடுத்துக்கொண்டது.

“அப்பா.” மகள். எட்டு மாதத்தில் அவளாகக் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை. “வண்டி ஸ்டார்ட் ஆயிடுச்சாப்பா?”

பெல்ட் விம்முவது நின்றது.

“நான் பை மாட்டிட்டேன். வர்றியா?”

வராதே என்று யாரிடம் சொல்வது?

“அப்பா?”

க்ர்ர்ர் என்று பெல்ட் உருள ஆரம்பித்தது. மெல்ல. ஒவ்வொரு அங்குலமாக. சீட்டிலிருந்து முன்னால் நீண்டு, போனை நோக்கி, குழந்தையின் குரலை நோக்கிக் குனிந்தது.