பதினோராவது பெட்டி

செவிமாற்றி முதல்முறையாக "எனக்குத் தெரியாது" என்று சொன்னபோது, செவிலியர் பிலோமினா அதைக் காதிலிருந்து கழற்றி இரண்டு முறை தட்டிப் பார்த்தார்.

ஆம்பூர் காலணித் தொழிலாளர் மருத்துவமனையின் பேறுகாலப் பிரிவு அது. எதிரே ருணுமி உட்கார்ந்திருந்தாள். அசாமிலிருந்து வந்து தோல் தைக்கும் வேலையில் இருப்பவள். எட்டு மாதக் கர்ப்பிணி. "கொழந்த நல்லா அசையுதாம்மா?" என்று பிலோமினா கேட்டது அவள் காதில் அவளுடைய மொழியில் விழுந்தது. அவள் ஏதோ சொல்லத் தொடங்கி, நிறுத்தி, தரையைப் பார்த்தாள்.

பிலோமினா கருவியை மறுபடி மாட்டினார். அதே குரல் பொறுமையாகச் சொன்னது.

"'நேற்று வரைக்கும்' என்றார். மீதியைச் சொல்லவில்லை. அது என்னவென்று எனக்குத் தெரியாது. அவரிடமே கேளுங்கள்."

புளியங்கொட்டை அளவிலான அந்தக் கருவி புழக்கத்துக்கு வந்து பதினான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. யார் எந்த மொழியில் பேசினாலும் கேட்பவரின் மொழியில் தந்துவிடும். அதன் தனிப்பெருமை, அரைகுறைப் பேச்சையும் முழுதாக்கித் தருவது. மனிதர்கள் பாதியில் நிறுத்துவார்கள், விழுங்குவார்கள், வெட்கப்படுவார்கள். கருவி முன்பின் பேச்சை வைத்துக் கணித்து, விட்டுப்போனதை நிரப்பி, வழவழப்பான வாக்கியமாகக் கொடுக்கும். அந்தப் பதினான்கு ஆண்டுகளில் "என்ன சொல்ல வந்தீங்க?" என்று யாரும் யாரிடமும் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கவில்லை.

இப்போது ஒன்பதே நாட்களில் முந்நூற்றுப் பன்னிரண்டு புகார்கள் வந்துவிட்டன. அத்தனையும் அசாமிய மொழிக்கும் தமிழுக்கும் இடையில் மட்டும். காரணத்தைத் தேடிக்கொண்டே போனவர்கள் வேலூரில் உள்ள மொழிபெயர்ப்பாளர் ஆவணகத்தில், ஊழியர் தமயந்தியின் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்கள்.

"இன்னாம்மா பண்ணி வெச்சிருக்க?" என்றார் ஆவணக அதிகாரி கோதண்டம்.

"சார், மாசிலாமணி ஐயாவோட தாளுங்கள..."

"ஊட்டும்போது கலந்துட்ட, அதான?"

"இல்ல சார். பெட்டி நம்பரு..."

"அழிஞ்சி போச்சி, அதான?"

"அழியல சார், நல்லாத்தான் இருக்குது! கொஞ்சம் இருங்களேன்."

எதிரில் இருப்பவர் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் போதும், கோதண்டமே முடித்துவைப்பார். கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. உதவி செய்வதாகவே நினைத்துக்கொண்டிருந்தார்.

ஹவில்தார் மாசிலாமணி ராணுவத்தில் பதினேழு ஆண்டுகள் இருந்தவர். அதில் ஒன்பது ஆண்டுகள் பிரம்மபுத்திரா ஆற்றங்கரையில். அங்கே அசாமிய மொழியைக் கற்றார். ஓய்வுபெற்று வந்து ஆம்பூரில் ஒரு கிளை நூலகத்தில் நூலகரானார். புத்தகம் கொடுத்து வாங்கிய நேரம் போக, ஆறு அசாமிய நாவல்களை நடுவில் வேறு மொழி வைத்துக்கொள்ளாமல் நேராகத் தமிழுக்குக் கொண்டுவந்தார். அப்படி நேராகச் செய்தவர்கள் மிகச் சிலர். அதனால் அவர் இறந்தபின் பதினொரு பட்டாளத்து டிரங்குப் பெட்டிகளில் வந்து சேர்ந்த தாள்களைச் செவிமாற்றித் துறை ஆவலோடு கேட்டு வாங்கியது. கருவி மொழி பழகுவது இப்படிப்பட்ட தாள்களிலிருந்துதான். தாள்புரட்டி இயந்திரம் ஒவ்வொரு பக்கமாகப் படித்து அதற்கு ஊட்டும். மேலிடத்து உத்தரவு ஒன்றுதான்: முடிந்த படிகளை மட்டும் ஊட்டவும், முதல் வரைவுகள் வேண்டாம்.

"கடைசியா முடிச்சது கடைசி நம்பர்லதான இருக்கும்னு ஒம்பது, பத்து, பதினொன்ன எடுத்து ஊட்டிட்டேன் சார். திறந்து படிச்சுப் பாக்கல. அது என் தப்பு." தமயந்தி ஒரே மூச்சில் சொன்னாள். இடைவெளி விட்டால் அவர் நுழைந்துவிடுவார். "பட்டாளத்துல லாரியில சாமான் ஏத்தும்போது, எறங்கினதும் மொதல்ல திறக்க வேண்டிய பெட்டிக்குத்தான் ஒன்னாம் நம்பர் போடுவாங்களாம். ஐயா அந்தப் பழக்கத்த விடல. முடிச்ச படி எல்லாம் ஒன்னுலயும் ரெண்டுலயும் இருக்குது. நான் ஊட்டினது பூராவும் வரைவு."

கோதண்டம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்கு அத்தனையும் நீக்கிடப் போறாங்க. என் கையெழுத்துக்குத்தான் நிக்குது. உனக்கு மெமோ வரும், வேலைக்கு ஒன்னும் ஆகாம நான் பாத்துக்கறேன். ஆனா அந்தப் பெட்டிங்க பதினொன்னுக்கும் 'கெட்ட மூலம்'னு முத்திரை குத்தச் சொல்றாங்கம்மா. இனிமே எந்தக் கருவிக்கும் ஊட்டக் கூடாதாம். அதனால நீ ஒரு அறிக்கை..."

"எழுதித் தர்றேன், அதான சார்?"

கோதண்டம் திகைத்துப்போய் அவளைப் பார்த்தார். தன் வாக்கியத்தை இன்னொருவர் முடித்தால் எப்படி இருக்கும் என்று அவருக்கு அன்றுதான் தெரிந்திருக்க வேண்டும்.

மெமோவைப் பற்றித் தமயந்தி அதிகம் கவலைப்படவில்லை. தப்பு செய்தவளுக்கு அது வரட்டும். தன் அவசரத்தால், இறந்துபோன ஒருவரின் பெயரில் 'கெட்ட' என்று முத்திரை விழுவதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலையைப் புதன்கிழமை செய்தாள். பதினோராவது பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு தாளாகப் படித்தாள்.

தாள்கள் முழுக்கப் பென்சில் வட்டங்கள். கதையில் வரும் ஒருவர் பேச்சைப் பாதியில் நிறுத்தும் இடமெல்லாம் ஒரு வட்டம். ஓரத்தில் 'தெரியாது, கேட்க வேண்டும்' என்ற குறிப்பு. அதற்குக் கீழே, சில நேரம் ஓராண்டு கழித்து, வேறு மையில் பதில் இருந்தது. 'படகோட்டி தனேஸ்வர் கடிதத்தில் சொன்னது: இப்படி நிறுத்தினால் அவள் கோபத்தில் இல்லை, பயத்தில் இருக்கிறாள்.' 'தோல் கிடங்கில் வேலை செய்யும் ஜிதுமணி சொன்னது. இரண்டு முறை டீ குடித்தோம். இரண்டாவது டீக்குத்தான் சொன்னார்.' ஒவ்வொரு வரைவின் கடைசித் தாளிலும் ஒரு பட்டியல். தலைப்பு: 'சொல் கொடுத்தவர்கள், நன்றியுடன்.' ஆறு புத்தகங்களிலும் அந்தப் பக்கம் அச்சாகவில்லை. இடமில்லை என்று விட்டிருக்கலாம்.

பெட்டியின் அடியில், நோட்டிலிருந்து கிழித்த தாள் ஒன்று நான்காக மடிந்து கிடந்தது.

'வெள்ளக் காலம். ஆற்றங்கரைச் சாவடியில் காவல். ஒரு பெரியவர் படகோடு வந்து, இரவே அக்கரைக்குப் போக வேண்டும் என்றார். ஏன் என்று அதிகாரி என்னைக் கேட்கச் சொன்னார். பெரியவர் "வீட்டில் அவள்..." என்று சொல்லி நிறுத்திவிட்டார். எனக்குப் புரியவில்லை. புரியவில்லை என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. "வீட்டில் மனைவி காத்திருக்கிறாளாம் சார்" என்று மீதியை நானே சொல்லிவிட்டேன். அப்படியானால் காலையில் போகட்டும் என்றார் அதிகாரி. காலையில் அவர் போனார். அவள் பாம்பு கடித்துப் படுத்திருந்தாள் என்பதும், விடிவதற்குள் போய்விட்டாள் என்பதும் பிறகு தெரிந்தது. ஆண்டவரே, இனி இன்னொருவரின் மீதியை நான் சொல்ல மாட்டேன். கேட்பேன்.'

தமயந்தி தாளை மடித்து இருந்த இடத்திலேயே வைத்தாள். பெட்டியை மூட மட்டும் மனம் வரவில்லை.

அறிக்கையோடு புகார்தாரர் ஒருவரின் வாக்குமூலமும் இணைக்க வேண்டும் என்பது விதி. முதல் புகார் பிலோமினாவுடையது. வியாழக்கிழமை தமயந்தி ஆம்பூருக்குப் பஸ் ஏறினாள்.

"புகாரா?" பிலோமினாவுக்குக் கோபமே வந்துவிட்டது. "நான் எங்கம்மா புகார் குடுத்தேன்? நன்றி சொல்லணும்னு எழுதினேன். உங்க படிவத்துல 'புகார்'னு ஒரே ஒரு கட்டந்தான் இருக்குது. நன்றிக்குக் கட்டம் எங்க போட்டிருக்கீங்க, காட்டுங்க பாப்போம்?"

தமயந்தி படிவத்தைப் புரட்டிப் பார்த்தாள். இல்லைதான்.

"இத்தன வருசமா இது காதுல பேசிகினே இருக்குது. 'நேத்து வரைக்கும்'னு அந்தப் பொண்ணு நிறுத்தினா, போன மாசம் வரைக்கும் இது இன்னா சொல்லியிருக்கும்? 'நேத்து வரைக்கும் மாதிரியே இன்னிக்கும் அசையுது'ன்னு முடிச்சிருக்கும். நானும் சரின்னு டிக் அடிச்சி அனுப்பியிருப்பேன். இது தெரியாதுன்னுச்சா, எனக்கு எரிச்சல். வெளியில நாப்பது பேரு நிக்கறாங்க. சரி, கேப்போம்னு நாற்காலிய கிட்டப் போட்டு அவ கையப் புடிச்சேன். அவ்ளோதாம்மா, அழுதுட்டா. நேத்து சாயங்காலத்துலேர்ந்து அசைவே இல்ல. வாய விட்டுச் சொன்னா நெசமாயிடுமோன்னு பயம். டாக்டருக்கு ஓடினேன். ஒன்றரை மணி நேரத்துல ஆபரேசன். வா, பாரு."

ருணுமி கட்டிலில் சாய்ந்திருந்தாள். பக்கத்தில் துணிக்குள் சின்ன முகம் ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது. பெண் குழந்தை. பிலோமினாவைப் பார்த்ததும் "பைதேவ்!" என்றாள். அக்கா என்று பொருளாம். பிலோமினாவே சொன்னார், காதில் கருவி இல்லாமல்.

"நாலு வார்த்த கத்துகினேன். அவ எட்டு. என்னவிட சூட்டிக."

அன்று மாலை தமயந்தி ஆவணகத்துக்குத் திரும்பி மற்ற புகார்களையும் ஒவ்வொன்றாகப் படித்தாள். முந்நூற்றுப் பன்னிரண்டில் இருநூற்று எழுபத்தொன்று நன்றிக் கடிதங்கள். புகார் என்ற கட்டத்துக்குள் நெருக்கி நெருக்கி எழுதப்பட்டவை. நான்காண்டுகளாக ஒரே அறையில் தங்கியிருந்த அசாமியத் தோழனுக்கு அம்மா இல்லை என்று இப்போதுதான் தெரிந்ததாக ஒருவர் எழுதியிருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை கோதண்டத்தின் மேசையில் மூன்றை வைத்தாள்: அறிக்கை, நன்றிக் கடிதங்கள், ஆற்றங்கரைத் தாளின் நகல். வாதாடுவதற்குத் தயாராக வந்திருந்தாள். அவர் அவளை உட்காரச் சொல்லிவிட்டு வேறெதையோ பேச ஆரம்பித்தார்.

"சோதிக்கறதுக்குன்னு அந்தக் கருவிய நேத்து நானே மாட்டியிருந்தேம்மா. கழட்ட மறந்துட்டு வீட்டுக்குப் போயிட்டேன். சாப்பாடு போடும்போது என் வீட்டம்மா, 'இந்த வருசமாவது...'ன்னா. ஒவ்வொரு ஜூன்லயும் சொல்லுவா. 'வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கணும், அதான'ன்னு நானும் அடிச்சிடுவேன். எங்க தெருவுலயே எங்க வீடுதான் பளபளன்னு இருக்கும். நேத்தும் அதான்னு வாயத் திறந்தேன். காதுல இது சொல்லுது, 'அவர் முழுவதும் சொல்லவில்லை. அவரிடமே கேளுங்கள்.' அவ பேசினது தமிழும்மா! எனக்கும் தமிழ்தான்!"

"கேட்டீங்களா சார்?"

"கேட்டேன். பத்தாவது பரிட்ச எழுதணுமாம்." கோதண்டம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இருபத்தாறு வருசமா பெயின்ட் அடிச்சிருக்கேம்மா."

நீக்கல் உத்தரவில் அவர் கையெழுத்திடவில்லை. மறைக்கவும் இல்லை. தவறு நடந்தது உண்மை, பொறுப்பு ஆவணகத்துடையது, ஆனால் அந்தத் தவறை வைத்துக்கொள்ள அனுமதிக்க வேண்டும் என்று எழுதி, இருநூற்று எழுபத்தொரு நன்றிகளையும் இணைத்து அனுப்பினார். படிவத்தில் நன்றிக்கு ஒரு கட்டம் சேர்க்கவும் என்று அடியில் ஒரு வரி.

மேலிடம் மூன்று மாதம் யோசித்தது. பிறகு மற்ற மொழிபெயர்ப்பாளர்களின் வரைவுகளையும் கேட்டது. எல்லாப் பெட்டிகளிலும், ஏதோ ஒரு வடிவத்தில், அந்த வட்டங்கள் இருந்தன. சிலர் கேள்விக்குறி போட்டிருந்தார்கள். ஒருவர் தீக்குச்சியை ஒட்டிவைத்திருந்தார். எல்லா மொழிகளிலும் செவிமாற்றி "எனக்குத் தெரியாது, அவரிடமே கேளுங்கள்" என்று சொல்லக் கற்றுக்கொண்டது.

அதற்குமேல் அதன் கதை வெகுநாள் நீடிக்கவில்லை. கேட்கச் சொன்னது, மக்கள் கேட்டார்கள். கேட்டுக் கேட்டுப் பழகியவர்களுக்கு அது தேவைப்படவில்லை. ஆம்பூர் டீக்கடைகளில் பாதி தமிழும் பாதி அசாமியமுமாக ஒரு பேச்சு உண்டானது. மூன்றாம் ஆண்டு செவிமாற்றியின் விற்பனை நின்றது. மனிதன் செய்த கருவிகளில் இவ்வளவு உண்மையாக வேலை செய்து, அதனாலேயே வேண்டாமற்போன கருவி வேறொன்று இருக்குமா, தெரியவில்லை.

தமயந்திக்கு மெமோ வராமலில்லை. விதி என்றால் விதிதான். அதை அவள் பதினோராவது பெட்டியில், வரைவுகளோடு வைத்தாள். கடைசி நன்றிப் பட்டியலை நகலெடுத்து, அதன் கீழே பென்சிலால் ருணுமி, பிலோமினா என்ற இரண்டு பெயர்களையும், கோதண்டத்தின் மனைவி பெயரையும் சேர்த்தாள். அந்த அம்மாள் தேர்வில் கணக்கில் மட்டும் தவறி, மறுமுறை எழுதித் தேறியிருந்தார்.

தன் செவிமாற்றியையும் அதே பெட்டியில் போட்டுப் பூட்டிய அன்று, சாவியைக் கொடுக்கக் கோதண்டத்தின் அறைக்குப் போனாள்.

"சார், இந்த மூணு வருசமா எனக்கு..." என்று தொடங்கி நிறுத்தினாள்.

பழக்கதோஷத்தில் அவர் வாயைத் திறந்தார். உடனே மூடிக்கொண்டார். நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டு, இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்துக்கொண்டு, "சொல்லும்மா" என்றார்.

தமயந்தி விழித்தாள். தன் வாக்கியத்தின் மீதி என்னவென்று அவளுக்கே தெரியவில்லை. இத்தனை காலமும் அதை முடித்துவைக்க யாராவது இருந்தார்கள்.

"ஒன்னும் அவசரமில்ல. யோசிச்சிச் சொல்லு" என்றார் கோதண்டம்.

அவள் உட்கார்ந்து யோசிக்கத் தொடங்கினாள். அவர் காத்திருந்தார்.