வீட்டில் துணை உண்டு

நல்ல வெயிலில்தான் ஆம்புலன்ஸ் பாளையங்கோட்டையில் அந்தப் பழைய வீட்டு முன்னால் நின்றது. பேய்க்கும் வெயிலுக்கும் ஆகாது என்பார்கள். சொன்னவர்கள் எங்கள் ஊர் வெயிலில் பூட்டிக் கிடந்த வீட்டுக்குள் போய்ப் பார்த்திருக்க மாட்டார்கள்.

பைக் மோதி இடுப்பெலும்பு முறிந்த பியூலா டீச்சர் வாக்கரைப் பிடித்தபடி பைய இறங்கினார். நான் ஷம்ஸியா, விபத்துப் பிரிவில் நர்ஸ். வீடுவரை கூடவே வருவது என் வேலை அல்ல. எங்கள் கம்ப்யூட்டர் சொன்ன ஒரு காரணம் என்னைத் தூங்கவிடவில்லை.

புதிதாக வந்த ஏஐ அது. அடிபட்டுச் சேர்ந்தவர்களில், வீட்டுக்குப் போன பின் யார் மறுபடி வந்து படுப்பார்கள் என்று முன்கூட்டியே சொல்லும். சும்மா சொல்லாது, காரணத்தையும் காட்டும். திரும்பி வரவைக்கும் காரணத்துக்குச் சிவப்புக் கோடு, வரவிடாத காரணத்துக்குப் பச்சை. டீச்சருக்கு வயது சிவப்பு, சர்க்கரை சிவப்பு. ஆனால் எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது நீளமான ஒரு பச்சை: ‘வீட்டில் துணை உண்டு.’

அதைப் பார்த்து டாக்டரும் வீட்டுக்கு அனுப்பச் சொல்லிவிட்டார்.

துணையாவது ஒன்றாவது! டீச்சருக்குப் பிள்ளை இல்லை, கணவர் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருடம். மறுபடி விழுந்தால் தூக்கிவிட நாதி கிடையாது. நாற்றம் வந்துதான் தெருவுக்குத் தெரியும். அவரிடமே கேட்டேன்.

“டீச்சர், வீட்டுல ஆளு இருக்குன்னா சொன்னிய?”

“ஆமா பிள்ள. தனியா இருக்கவ தனியா இருக்கேன்னு வாயால சொல்லலாமா? யாரு கதவத் தட்டுனாலும் ‘ஏங்க, ஆளு வந்திருக்கு’ன்னு உள்ள பாத்து ஒரு சத்தம் கொடுப்பேன். அந்தப் பழக்கத்துல சொல்லிட்டேன்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. நானும் அப்படித்தான். என் ரசீத் மஸ்கட்டில், மேலப்பாளையத்து வீட்டில் நான் ஒருத்தி. யார் தட்டினாலும் “மச்சான், யாருன்னு பாருங்க” என்று காலி அறையைக் கூப்பிடுவேன்.

கம்ப்யூட்டரில் ‘துணை இல்லை’ என்று திருத்தினேன்.

பச்சைக் கோடு குறையவில்லை. இன்னும் நீண்டது.

அந்தக் கம்ப்யூட்டரைப் பராமரிக்கும் பாக்கியசீலன் தலையைச் சொறிந்தான். “சிஸ்டர், நீங்க போடுறத மட்டும் அது பாக்கல. தினமும் சாயங்காலம் இவங்க கட்டிலுக்கு விசிட்டர் பாஸ் போட்டு ஒருத்தர் வந்திருக்காரே. அதையும் சேத்துத்தான் சொல்லுது.”

தினமும் சாயங்காலம் அந்த வார்டில் நான்தான் இருந்தேன். டீச்சர் பக்கத்து நாற்காலியில் ஒருநாளும் யாரும் உட்காரவில்லை.

அதனால்தான் கூடவே வந்தேன்.

டீச்சர் பூட்டைத் திறந்ததும், பழக்க தோஷம், “ஏங்க, ஆளு வந்திருக்கு” என்று உள்ளே பார்த்துச் சொன்னார். மூடிக் கிடந்த வீட்டின் புழுங்கல் வாடை முகத்தில் அடித்தது. மேசை, பைபிள், ஹார்மோனியம் எல்லாவற்றிலும் விரல் பதியும் தூசி.

தரையில் மட்டும் ஒரு பாதை பெருக்கியிருந்தது.

கட்டிலிலிருந்து குளியலறை வரை. சரியாக வாக்கர் போகும் அகலத்துக்கு.

கால் தடுக்கும் மிதியடியைச் சுருட்டி ஓரமாக வைத்திருந்தது. குளியலறைச் சுவரோரம், பிடித்துக்கொள்ளத் தோதாக, ஒரு புதுக் கயிறு.

“உங்க வீட்டுக்காரரா, டீச்சர்?”

“அவரா?” டீச்சருக்குக் கண் கலங்கியிருந்தது. “உயிரோட இருந்தப்பவே வாரியல எடுத்துப் பெருக்குனதில்ல.”

“பின்ன யாரு?”

“தெரியலியேம்மா. இத்தன வருசமா கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன். யாருக்கோ கேட்டிருக்கு.”

என்னோடு வந்துவிடச் சொல்லிக் கெஞ்சினேன். மாட்டேன் என்றார். அவர் முகத்தில் துளிப் பயம் இல்லை, அதைப் பார்த்துத்தான் நான் மிகவும் பயந்தேன். அதன்பிறகு அவர் ஆஸ்பத்திரிக்குத் திரும்பவே இல்லை. கம்ப்யூட்டர் சொன்னது சரிதான்.

அன்று வீட்டுக்கு வந்ததும் எல்லா விளக்கையும் போட்டேன். இனி காலி அறையைக் கூப்பிடுவதில்லை என்று முடிவெடுத்தேன். மக்ரிப் தொழுது முடித்த நேரம் ரசீத் போனில் வந்தார்.

“குரல் ஒரு மாதிரி இருக்கே. வீட்டுல யாரும் வந்திருக்காவளா?”

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வாய்விட்டுச் சொல்லாததை அப்போது சொன்னேன். வீடு முழுக்கக் கேட்கட்டும் என்றே சத்தமாகச் சொன்னேன்.

“யாருமில்ல மச்சான். இங்கன நான் ஒருத்திதான். வேற யாருமே இல்ல.”

அடுப்படியில் யாரோ ஒரு பாத்திரத்தைப் பையக் கீழே வைத்தார்கள்.

பிறகு ஒரு தேம்பல்.

நான் அடுப்படிப் பக்கம் திரும்பினேன்.

மஸ்கட்டிலிருந்து ரசீத் கேட்டார்.

“ஷம்ஸியா, யாரு அழுதா?”