பன்னிரண்டாவது கை

"வக்கீல்கிட்ட பேசு அக்கா, ஒரு தடவை..."

"மாட்டேன்னு சொன்னேன்ல..."

"ஆறு மணிக்கு, நீங்க தண்டனை குடுத்த லமாருக்கு விஷ ஊசி போட்டுருவாங்க! நீ வாயத் தொறந்தா நிக்கும்!"

"இத்தனை வருஷம் தொறக்காத வாய்டி இது."

"அதத்தான் கேக்குறேன். ஜூரி பன்னெண்டு பேர்ல நீ ஒருத்திதான் நம்ம கறுப்பு ஆளு. உன்னை எதுக்கு உக்கார வச்சாங்க, அழகுக்கா?"

எர்னஸ்டீன் அடுப்பிலிருந்த கீரையைக் கிளறினாள். சாப்பாட்டு அறையில் ஒரு நாற்காலி இழுபட்டது.

"உள்ள யாருடி?"

"யாரு இருக்கா? பேச்ச மாத்தாத." தங்கை வெர்லீன் கைபேசியில் எண்ணை அழுத்தி அக்காவின் வலக்கையில் திணித்தாள். "என் மூஞ்சியப் பாத்தா உனக்குப் பேச வராது. நான் வெளிய நிக்கிறேன்." வலைக்கதவு படீரென்று சாத்திக்கொண்டது.

அலபாமாவின் ஆகஸ்ட் புழுக்கத்தில், அடுப்பில் கொதிக்கும் கீரையின் வாசனைக்கு அடியிலிருந்து, ஆறிப்போன காப்பியும் ஆண்களின் வியர்வையும் யாரோ பூசிய சவர லோஷனும் மெல்ல மேலே வந்தன. அவளுக்குத் தெரிந்த வாசனை. ஜூரிகளை அடைத்துவைத்த அறை. சுட்டவனைப் பார்த்ததாகச் சொன்ன சாட்சி அடையாளத்தை மாற்றி மாற்றிச் சொல்லியும், லமார்தான் கொலைகாரன் என்று அந்த அறையில் பதினொரு கைகள் சட்டென்று உயர்ந்தன. அவள் கை மடியிலேயே கிடந்தது.

"இந்தக் கறுப்புக் கும்பல்ல எவனக் கொன்னாலும் தப்பில்ல," என்று சிரித்தார் ஜூரித் தலைவர். "உன்னைச் சொல்லலம்மா. நீ நல்ல மாதிரி."

உயர்ந்த கைகளை யாரும் இறக்கவில்லை. அவள் தூக்கும்வரை.

"சொல்லுங்கம்மா," என்றார் கைபேசியில் வக்கீல். "ஆளுநர் ஆபீஸும் லைன்ல இருக்காங்க. அந்த ஜூரி அறையில என்ன பேசினாங்கன்னு அப்படியே சொல்லுங்க. போதும்."

சொல்லிவிடலாம். இரண்டே வாக்கியம். வாயைத் திறந்தாள்.

இன்னொரு நாற்காலி இழுபட்டது. இன்னொன்று. ஐந்து, ஆறு, ஏழு... அவள் வீட்டில் இருந்ததே நான்குதான்.

திரும்பினாள்.

மேசையைச் சுற்றிப் பதினொரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். முகங்கள் இருட்டில். கைகள் மட்டும் மேலே. வெளுத்த கைகள். கோபமில்லை. அவசரமில்லை. காத்திருந்தார்கள்.

அவளுடைய வலது முழங்கை அசைந்தது. இடக்கையால் பிடித்து இழுத்தாள். நிற்கவில்லை. கைபேசி காதைத் தாண்டியது. நெற்றியைத் தாண்டியது. தலைக்கு மேலே போய் விறைத்து நின்றது.

கத்தினாள். உதடுகள் அசைந்தன. சத்தமில்லை.

உயரத்தில், எங்கோ தொலைவில்போல, வக்கீலின் குரல்.

"அம்மா, லமாரைக் கட்டில்ல படுக்க வச்சுட்டாங்களாம்... இருக்கீங்களா?"